புது இதழ் வந்துவிட்டது: ஒயிட்சேப்பல் வழக்கை விடாமல் படிப்பவர்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1888ஆம் ஆண்டு லண்டனின் கிழக்குப் பகுதியில், ஒயிட்சேப்பலிலும் அதன் சுற்றுப்புறத்திலும் நடந்த கொலைகளை, அதாவது உலகம் ஜாக் தி ரிப்பர் கொலைகள் என்று அறிந்த, கொலைகாரன் யாரென்று இன்றும் தெரியாத வழக்கை, வேலை நேரம் போக மிஞ்சிய பொழுதில் படித்து வருபவர்கள் நாங்கள். எங்களில் போலீஸ் அதிகாரி யாரும் இல்லை, வரலாற்றுப் பேராசிரியரும் இல்லை. இந்த வழக்குக்கென்றே வரும் இதழ் ஒன்றுக்குச் சந்தா கட்டியிருக்கிறோம். புது இதழ் வந்த வாரம் ஞாயிறு மாலை நான்கைந்து பேர் தொலைபேசியில் கூடிவிடுவோம். பேச்சு நள்ளிரவு வரை நீளும். பக்கத்து அறையில் இருந்தபடி அதை அரைகுறையாகக் கேட்டவர்கள் மறுநாள் எங்களிடம் கேட்கும் கேள்விகள் இவை.

130 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்ட வழக்கில் புதிதாக எழுத என்ன மிச்சம் இருக்கிறது?

நிறைய இருக்கிறது. இந்த வழக்கின் ஆதாரங்கள் சிதறிக் கிடக்கின்றன. பெருநகரப் போலீஸின் கோப்புகளில் தப்பியவை கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. நகரின் நடுப்பகுதியைக் கவனித்த சிட்டி போலீஸ் தனி அமைப்பு; அதன் கோப்புகள் இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சில் அழிந்துபோயின. கொலையானவர்களில் மேரி ஆன் நிக்கல்ஸ், ஆனி சாப்மன், எலிசபெத் ஸ்ட்ரைட் ஆகியோரின் மரண விசாரணையில் யார் என்ன சொன்னார்கள் என்பதை இன்று பெரும்பாலும் அக்கால நாளிதழ்களை வைத்துத்தான் தெரிந்துகொள்கிறோம்.

அங்கேதான் எங்களைப் போன்றவர்களுக்கு வேலை. ஒரே சாட்சியின் ஒரே வாக்கியத்தை ஒரு நிருபர் முழுதாக எழுதியிருப்பார், இன்னொருவர் பாதியில் வெட்டியிருப்பார், மூன்றாமவர் பெயரையே தப்பாகக் கேட்டிருப்பார். பத்து நாளிதழ்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரி வரியாக ஒப்பிட்டால் யாரும் கவனிக்காத அரை வாக்கியம் ஒன்று அகப்படும். அந்த அரை வாக்கியத்துக்காக ஒருவர் ஒரு குளிர்காலம் முழுவதும் உட்கார்ந்திருக்கிறார் என்றால் எனக்கு அவர்மேல் தனி மரியாதை.

இதழ் கைக்கு வந்ததும் முதலில் எதைப் படிப்பீர்கள்?

அடிக்குறிப்புகளை. கட்டுரையின் தலைப்பு எவ்வளவு முழங்கினாலும், அடிக்குறிப்பில் 1888ஆம் ஆண்டின் தாள் எத்தனை, 1960க்குப் பிறகு வந்த புத்தகம் எத்தனை என்று எண்ணிப் பார்த்தால் கட்டுரையின் கனம் தெரிந்துவிடும். அடுத்து வாசகர் கடிதங்கள். போன இதழின் தவறுகள் அங்கேதான் திருத்தப்படும்.

எங்களில் ஒருவருக்குக் கடிகாரக்காரர் என்று பெயர். எந்தக் கட்டுரையைத் திறந்தாலும் மணி எத்தனை, யாருடைய கடிகாரம் என்றுதான் முதலில் கேட்பார். இன்னொருவர் வரைபட அக்கா. ஒரு சந்துக்கும் அடுத்த சந்துக்கும் இடையே எத்தனை தப்படி என்பதைப் பழைய வரைபடத்தில் அளந்து பார்க்காமல் எதையும் ஒப்புக்கொள்ள மாட்டார். இந்த இதழின் நீண்ட கட்டுரை ஹான்பரி தெருவில் மணி எத்தனை என்பதைப் பற்றியது. ஆகவே இந்த ஞாயிறு யாருடையது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

மணிக்காக இவ்வளவு சண்டையா?

ஹான்பரி தெரு 29ஆம் எண் வீட்டின் கதையைக் கேட்டால் நீங்களும் கட்சி சேர்ந்துவிடுவீர்கள். 1888 செப்டம்பர் 8, சனிக்கிழமை. காலை ஆறு மணியை ஒட்டி, அந்த வீட்டில் குடியிருந்த ஜான் டேவிஸ் பின்முற்றக் கதவைத் திறந்து ஆனி சாப்மனின் உடலைப் பார்த்தார். ஆறரைக்கு வந்த டாக்டர் பேக்ஸ்டர் ஃபிலிப்ஸ், உயிர் பிரிந்து குறைந்தது இரண்டு மணி நேரமாவது ஆகியிருக்கும் என்றார். அப்படியானால் கொலை நடந்தது நாலரைக்கு முன்பு, இருட்டில்.

ஆனால் ஜான் ரிச்சர்ட்சன் என்பவர் அதே முற்றத்துப் படியில் ஏறக்குறைய 4.45க்கு உட்கார்ந்து, காலை உறுத்திய தன் பூட்ஸின் தோலை அறுத்ததாகச் சாட்சி சொன்னார். உடல் எதுவும் அங்கே இல்லை என்றார். பக்கத்து வீட்டு ஆல்பர்ட் கடோஷ் 5.20 வாக்கில் வேலிக்கு அப்பால் ‘வேண்டாம்’ என்ற குரலையும், சற்றுப் பொறுத்து வேலிமேல் ஏதோ விழுந்த ஓசையையும் கேட்டார். எலிசபெத் லாங் என்ற பெண்மணி அந்த வீட்டின் முன்னால் ஓர் ஆணும் பெண்ணும் பேசிக்கொண்டிருந்ததைக் கண்டார். மதுவடிப்பாலையின் கடிகாரம் அப்போதுதான் ஐந்தரை அடித்தது என்றார். கடோஷோ 5.32க்கு ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் தேவாலயத்தைத் தாண்டி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர். லாங் சொல்வது சரியென்றால், அந்தப் பெண் உயிரோடு நின்று பேசுவதற்குப் பத்து நிமிடம் முன்பே கடோஷ் ஓசையைக் கேட்டுவிட்டார்.

மூன்று சாட்சிகள் மருத்துவரோடு முரண்படுகிறார்கள். அவர்களில் இருவர் தங்களுக்குள்ளேயும் முரண்படுகிறார்கள். மருத்துவரும் அன்றைய காலை குளிர்ந்திருந்ததையும் இரத்தம் பெருமளவு வெளியேறியதையும் சொல்லித் தன் கணக்குக்கு ஒரு வாசலைத் திறந்தே வைத்திருந்தார்.

எங்கள் வட்டத்தில் இதற்கு இரண்டு கட்சி உண்டு. கடிகாரக்காரர் மருத்துவர் கட்சி. “பூட்ஸை அறுத்த கதையை ரிச்சர்ட்சன் அன்று காலையே இன்ஸ்பெக்டர் சாண்ட்லரிடம் ஏன் சொல்லவில்லை? விசாரணையில்தானே சொல்கிறார்?” என்பார். வரைபட அக்கா விடமாட்டார். “கதவு இடதுபுறமாகத் திறந்து உடலை மறைத்திருக்கும் என்று சொல்லப் போகிறீர்கள். ஒரு தடவையாவது அந்தப் படியில் உட்கார்ந்து குனிந்து பூட்ஸைப் பாருங்கள், ஐயா. எட்டாவது அங்குலத்தில் கிடப்பதை எப்படிப் பார்க்காமல் இருப்பீர்கள்?” என்று கேட்பார். போன வாரம் எங்களில் ஒருவர் வீட்டுப் பின்கட்டுப் படியில் உட்கார்ந்து பார்த்துவிட்டே பேச வந்தார். நான் அக்கா பக்கம். உடல் குளிர்வதை வைத்துக் கையால் தொட்டு நேரம் கணிப்பது எவ்வளவு தளர்வான வழி என்பது இன்று எல்லா மருத்துவர்களுக்கும் தெரியும். அவ்வளவு தளர்வான கணக்குக்காக மூன்று பேரைப் பொய்யர்களாக்க எனக்கு மனம் வரவில்லை.

கொலையானவர்கள் ஐந்து பேரா, பதினொரு பேரா?

போலீஸ் கோப்பில் 1888 ஏப்ரலில் தாக்கப்பட்ட எம்மா ஸ்மித் முதல் 1891 பிப்ரவரியில் இறந்த ஃபிரான்சிஸ் கோல்ஸ் வரை பதினொரு பேர். ஐந்து என்பது 1894 பிப்ரவரி 23 அன்று போலீஸ் அதிகாரி மெல்வில் மெக்நாட்டன் எழுதிய குறிப்பில் வருகிற எண்ணிக்கை. நிக்கல்ஸ், சாப்மன், ஸ்ட்ரைட், கேதரின் எடோஸ், மேரி ஜேன் கெல்லி என்று ஐந்தே பேர்தான் என்று அவர் அடித்துச் சொன்னார். கொலைகள் நடந்தபோது அவர் போலீஸில் இல்லை. அடுத்த ஆண்டுதான் சேர்ந்தார். எங்கள் வட்டத்தில் ஆறு என்பவரும் உண்டு, நான்கு என்பவரும் உண்டு.

சுவரில் எழுதியிருந்த ஒரு வாக்கியத்துக்காகப் பிரிந்து நிற்கிறீர்களாமே?

அந்த வாக்கியத்தில் ‘அல்ல’ என்ற சொல் எங்கே இருந்தது என்பதற்காக.

செப்டம்பர் 30 விடியற்காலை 2.55க்கு, கோல்ஸ்டன் தெருவில் ஒரு குடியிருப்பின் வாயிலில், அன்று அதிகாலை கொலையான கேதரின் எடோஸின் ஏப்ரனிலிருந்து அறுத்த துண்டை கான்ஸ்டபிள் ஆல்ஃபிரட் லாங் கண்டெடுத்தார். அதற்கு மேலே சுவரில் சாக்குக்கட்டியால் யூதர்களைப் பற்றி ஒரு வரி. யூதர்கள் வீணாகப் பழி சுமக்கிறவர்கள் அல்ல என்பது போன்ற பொருள். லாங் எழுதிக்கொண்டதில் அந்த எதிர்மறைச் சொல் ஓரிடத்தில் இருக்கிறது. சிட்டி போலீஸ் துப்பறிவாளர் ஹால்ஸ் எழுதிக்கொண்டதில் வேறோரிடத்தில் இருக்கிறது. சொல் இடம் மாறினால் வாக்கியத்தின் சாய்வே மாறுகிறது. சரிபார்க்கப் படம் இல்லை. விடிந்து சந்தைக்கு வரும் கூட்டம் அதைப் படித்தால் யூதர்கள்மீது கலவரம் மூளும் என்று அஞ்சி, புகைப்படக்காரர் வருவதற்கு முன்பே அழிக்கச் சொன்னவர் போலீஸ் ஆணையர் சார்லஸ் வாரன்.

அவர் செய்தது சரியா என்பது எங்களுக்குள் முடிவில்லாத வழக்கு. ஒரு தடயம் போனது உண்மை. ஆனால் அந்த வட்டாரத்தில் அந்த மாதம் யூதர்கள்மேல் எவ்வளவு வெறுப்பு மூட்டப்பட்டிருந்தது என்பதை அன்றைய நாளிதழ்களில் படித்தவர்கள், வாரனை அவ்வளவு சுலபமாகத் திட்டமாட்டார்கள். நானும் திட்டுவதில்லை.

கொலைகாரன் என்று நீங்கள் நினைக்கும் ஆள் யார்? சொல்லிவிடுங்கள்.

யாரும் இல்லை. எங்கள் வட்டத்தில் மிக அதிகமாகக் கிண்டலுக்கு ஆளாகிறவர் ‘என் ஆள்’ என்று ஒருவரைப் பிடித்துவைத்திருப்பவர்தான். அன்பான கிண்டல். “உங்கள் பாரிஸ்டர் சௌக்கியமா?” என்று கேட்டுத்தான் ஒருவருக்கு வணக்கமே சொல்வோம்.

அந்தப் பாரிஸ்டர் மான்டேகு ஜான் ட்ரூயிட். மெக்நாட்டனின் குறிப்பில் வரும் மூன்று சந்தேக நபர்களில் ஒருவர். 1888 டிசம்பர் 31 அன்று தேம்ஸ் நதியில் அவரது உடல் கிடைத்தது. அவரை மருத்துவர் எனச் சொல்லப்படுபவர் என்று குறிப்பு சொல்கிறது. அவர் மருத்துவரே அல்ல. வழக்கறிஞராகவும் பள்ளி ஆசிரியராகவும் இருந்த 31 வயது இளைஞர். மூவரில் இன்னொருவரான மைக்கேல் ஆஸ்ட்ராக் அந்த இலையுதிர்காலத்தில் பிரான்சில் காவலில் இருந்தார் என்பதைப் பிற்கால ஆய்வாளர்கள் தேடிக் கண்டுபிடித்தார்கள். எஞ்சியவர் கோஸ்மின்ஸ்கி. தலைமை இன்ஸ்பெக்டர் ஸ்வான்சன் தன் பழைய மேலதிகாரி ஆண்டர்சனின் நினைவுக் குறிப்புப் புத்தகத்தின் ஓரத்தில் பென்சிலால் அந்தப் பெயரை எழுதிவைத்திருந்தது 1987இல் வெளிவந்தது. பெரிய அதிகாரிகள் எழுதியதாலேயே ஒரு பெயர் குற்றவாளியின் பெயராகிவிடாது. ட்ரூயிட் கட்சிக்காரரிடம் இதைச் சொன்னால், “சரி, ட்ரூயிட்டின் தொழில் என்னவென்று மெக்நாட்டனுக்குத் தெரியவில்லை. குறிப்பு சொல்வதுபோல் அவரைச் சந்தேகித்த சொந்தக் குடும்பத்துக்கும் உண்மை தெரியாமலா இருந்திருக்கும்?” என்பார். அந்த விடாப்பிடியும் எங்களுக்கு வேண்டும். அவர் இல்லாவிட்டால் அந்தக் குடும்பத்தின் ஆவணங்களை இவ்வளவு கவனமாக யார் படித்திருப்பார்கள்?

முதலில் உடலைப் பார்த்தவரே கொலைகாரன் என்கிறார்களே?

ஆகஸ்ட் 31 அன்று பக்ஸ் ரோ தெருவில் நிக்கல்ஸின் உடலை முதலில் கண்ட வண்டிக்காரர், விசாரணையில் தன் பெயரைச் சார்லஸ் கிராஸ் என்றார். அவர் பெயர் சார்லஸ் லெக்மியர் என்பதைக் கணக்கெடுப்புப் பதிவுகளிலிருந்து ஆர்வலர்கள்தான் கண்டுபிடித்தார்கள். அருமையான கண்டுபிடிப்பு. ஆனால் அதிலிருந்து ‘பொய்ப் பெயர் சொன்னவன் கொலைகாரன்’ என்று தாவுவதற்கு முன், கிராஸ் என்பது அவருடைய மாற்றாந்தந்தையின் பெயர் என்பதையும், தன் வீட்டு முகவரியையும் வேலை செய்த நிறுவனத்தையும் அவர் மறைக்கவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். ஒளிய நினைப்பவர் முகவரி கொடுப்பாரா? இந்தக் கேள்வியைக் கேட்டால் எதிர்க்கட்சி ஐந்து நிமிடம் அமைதியாகிவிடும். ஆறாவது நிமிடம் மறுபடி தொடங்கும்.

மரபணுச் சோதனையில் முடிந்துபோன வழக்கு என்று 2014இல் செய்தி வந்ததே?

வந்தது. எடோஸுடையது என்று சொல்லப்பட்ட ஒரு சால்வையில் நடந்த சோதனை அது. அபூர்வமானது என்று அறிவிக்கப்பட்ட மரபணு மாற்றம் 314.1சி. அது எண்ணில் நேர்ந்த பிழை, உண்மையில் 315.1சி என்று மற்ற நிபுணர்கள் சுட்டிக்காட்டினார்கள். அந்த மாற்றம் ஐரோப்பிய வம்சாவளியினரில் ஏறக்குறைய எல்லோரிடமும் காணப்படுவது. அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு: எடோஸ் அணிந்திருந்தவற்றையும் வைத்திருந்தவற்றையும் போலீஸ் ஒன்று விடாமல் பட்டியலிட்டது. அதில் சால்வை இல்லை.

ஜாக் தி ரிப்பர் என்ற பெயரையே நீங்கள் அதிகம் சொல்வதில்லை. ஏன்?

அந்தப் பெயர் ஒரு கடிதத்திலிருந்து வந்தது. 1888 செப்டம்பர் 25 தேதியிட்டு, சிவப்பு மையில் எழுதி, ஒரு செய்தி நிறுவனத்துக்கு வந்த கடிதம். அது ஒரு பத்திரிகையாளர் செய்த வேலை என்பது அன்றைய மூத்த அதிகாரிகள் சிலரின் எண்ணம். உண்மையான கொலைகாரனுக்கு அந்தப் பெயர் தெரிந்திருந்ததா என்பதற்கே சான்றில்லை. ஒயிட்சேப்பல் கண்காணிப்புக் குழுத் தலைவர் ஜார்ஜ் லஸ்குக்கு அக்டோபர் 16 அன்று பாதிச் சிறுநீரகத்தோடு வந்த கடிதத்தில்கூட அந்தப் பெயர் இல்லை.

அச்சில் தவறு வந்துவிட்டால் என்ன செய்வீர்கள்?

அடுத்த இதழிலேயே ஒப்புக்கொள்வோம். இந்தச் சிவப்பு மைக் கடிதம் செப்டம்பர் 27 அன்று ஸ்காட்லாந்து யார்டுக்குக் கிடைத்தது என்று நான் ஒருமுறை எழுதிவிட்டேன். 27 என்பது அஞ்சல் முத்திரையின் தேதி. செய்தி நிறுவனம் அதைப் போலீசுக்கு அனுப்பியது 29ஆம் தேதி. ஸ்ட்ரைட், எடோஸ் இருவரும் கொலையான இரட்டைக் கொலை நடந்தது 30ஆம் தேதி அதிகாலை. அந்த இடைவெளியில் கடிதம் யார் மேசையில் கிடந்தது என்பதுதான் பத்திரிகையாளர் மீதான சந்தேகத்தில் பேசவேண்டிய விஷயம். அதை நான் இரண்டு நாள் முன்னே தள்ளி மறைத்துவிட்டேன். மூன்று வரியில் ஒரு வாசகர் திருத்தினார். அவருக்கு நன்றி சொல்லி எழுதினேன். அதற்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் கடிகாரக்காரர் தொலைபேசியை எடுத்ததும், “தேதி என்ன, தம்பி?” என்றுதான் தொடங்குவார். இப்போது நான் எதை எழுதினாலும் தேதியை மூன்று இடத்தில் பார்க்கிறேன்.

செத்தவர்களை வைத்துச் சிரித்துப் பேசுவது தப்பில்லையா?

மிக முக்கியமான கேள்வி. எங்களிடையே எழுதப்படாத கட்டுப்பாடு ஒன்று இருக்கிறது: ஊகத்தைக் கிண்டல் செய்யலாம், ஊகித்தவரைத் தோழமையோடு சீண்டலாம், இறந்தவர்களைப் பற்றி ஒரு சொல் கூடாது. பிணவறைப் படங்களையும், மேரி ஜேன் கெல்லியின் அறையில் எடுத்த படத்தையும் நாங்கள் கைமாற்றுவதில்லை. காயத்தைப் பற்றிய வாதத்துக்கு மருத்துவரின் சொற்கள் போதும்.

நீண்ட காலம் இந்தப் பெண்களை ஒரே சொல்லில் முடித்துவிட்டார்கள். இப்போது இதழ்களில் அவர்களுடைய பிறப்புப் பதிவு, திருமணப் பதிவு, ஏழைகள் விடுதியின் பதிவேடு என்று வருகின்றன. ஐவரில் எத்தனை பேர் உண்மையில் பாலியல் தொழில் செய்தார்கள் என்பதே இன்று விவாதத்துக்குரியது. இந்தக் கட்டுரைகளைச் சலிப்பு என்று சொல்லித் தள்ளுகிற பழைய வாசகர்களும் இருக்கிறார்கள். அவர்களோடு மட்டும் என்னால் சிரித்துக்கொண்டே வாதாட முடிவதில்லை.

நிக்கல்ஸ் கடைசி இரவில் தங்கும் விடுதிக்குக் காசில்லாமல் வெளியேறும்போது, தன் புதுத் தொப்பியைக் காட்டி, காசு சீக்கிரம் கிடைத்துவிடும் என்று சிரித்துக்கொண்டே சொல்லிப் போனார். அந்தத் தொப்பியைப் பற்றி ஒரு கட்டுரை வந்தால் சந்தேக நபர் கட்டுரைகளைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் படிப்பேன்.

நானும் சேர விரும்புகிறேன். எங்கே தொடங்குவது?

சந்தேக நபரிடமிருந்து தொடங்காதீர்கள். சின்னதாக ஒன்றை எடுங்கள்: ஒரு சாட்சி, ஒரு தெரு, ஒரு மணி நேரம். அவரைப் பற்றிக் கிடைக்கிற எல்லா நாளிதழ்ச் செய்தியையும் தேதி வாரியாக அடுக்குங்கள். யார் சொன்னது, எப்போது சொன்னது, யார் எழுதிக்கொண்டது என்று ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் குறியுங்கள். மூன்று மாதம் போதும். பிறகு ஒரு ஞாயிறு எங்களிடம் பேசுங்கள். முதல் கேள்வி மணியைப் பற்றித்தான் இருக்கும், தயாராக வாருங்கள்.

வாக்குவாதம் முற்றிப் பேச்சு நின்றுபோனது உண்டா?

ஒரே ஒரு முறை, இரண்டு மாதம். அடுத்த இதழ் வந்ததும் இருவரும் ஒரே நேரத்தில் தொலைபேசியை எடுத்தார்கள்.

இத்தனை ஆவணத்தில் உங்கள் மனதை விட்டுப் போகாதது எது?

ஒரு கடுகு டப்பா.

மைட்டர் சதுக்கத்தில் கேதரின் எடோஸின் உடலுக்குப் பக்கத்தில் கிடந்தவை மூன்று பூட்ஸ் பித்தான்கள், தைக்கும்போது விரலில் மாட்டும் உலோக உறை ஒன்று, கடுகு டப்பா ஒன்று. அவரிடம் இருந்தவற்றின் பட்டியலில் இன்னும் வருகின்றன: கொஞ்சம் தேயிலை, கொஞ்சம் சர்க்கரை, சோப்புத் துண்டுகள், ஒரு சீப்பு, உடைந்த மூக்குக்கண்ணாடி, ஒற்றைக் கையுறை. வீடில்லாத ஒருவர் தன் வீட்டை உடம்போடு சுமந்திருக்கிறார். டப்பாவுக்குள் இரண்டு அடகுச் சீட்டுகள் இருந்தன. ஒன்று கென்ட் வயல்களில் வேலைக்குப் போன இடத்தில் பழகிய ஒரு பெண் கொடுத்தது, பிரல் என்ற பெயரில். மற்றது அவரோடு வாழ்ந்த ஜான் கெல்லியின் பூட்ஸுக்கானது. இரண்டு ஷில்லிங் ஆறு பென்ஸுக்கு அடகு வைத்திருந்தார்கள்.

அந்த இரவில் போலீஸ் நிலையத்திலிருந்து விடுதலையானபோது அவர் தன் பெயரை மேரி ஆன் கெல்லி என்று மாற்றிச் சொல்லியிருந்தார். இறந்தவர் யார் என்று யாருக்கும் தெரியவில்லை. சீட்டில் இருந்த பெயர் நாளிதழில் வந்தது. ஜான் கெல்லி அதைப் படித்தார். பிரல் என்ற பெயரைப் பார்த்ததும் எழுந்து போலீஸ் நிலையத்துக்கு நடந்தார்.